யுஜிசி பட்டியல் போயாச்சு... இனி எந்த ஆய்விதழை நம்புவது?

“உங்கள் கட்டுரையை ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம். ஐஎஸ்எஸ்என் உண்டு, சான்றிதழும் உண்டு.” பிஎச்டி பதிவு செய்தவரின் இன்பாக்ஸில் இப்படி ஒரு மெயில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேலைக்கு நடுவே பகுதிநேரமாக ஆய்வு செய்கிறவருக்குச் சபலம் வரத்தான் செய்யும்.

முன்பெல்லாம் ‘யுஜிசி கேர் லிஸ்ட்ல இருக்கா, பாருங்க’ என்று சொல்லிவிடுவார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலை யுஜிசி கைவிட்டது. சில அளவுகோல்களை மட்டும் பரிந்துரைத்து, முடிவைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. பட்டியல் என்றாலே பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. கேர் வருவதற்கு முன்பிருந்த பட்டியலில் இருந்து 2018 மே மாதம் ஒரே அடியாக 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன.

எதைப் பார்க்க வேண்டும்?

ஐஎஸ்எஸ்என் வெறும் அடையாள எண். வண்டி நம்பர் போலத்தான். ஓட்டுநர் எப்படி என்று அது சொல்லாது. ஐஎஸ்எஸ்என் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, இதழின் பெயரும் பதிப்பாளரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். நல்ல இதழ்களின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலி தளங்கள் உண்டு. ஸ்கோபஸ் லோகோ இருந்தால் போதாது; ஸ்கோபஸ் தளத்திலேயே தேட வேண்டும். ஆசிரியர் குழுவில் உள்ள பேராசிரியரின் கல்லூரிப் பக்கத்தில் அந்த இதழ் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்பதும் நல்ல சோதனை.

சாட்ஜிபிடி கொடுத்த மேற்கோளா? டிஓஐ எண்ணைத் தேடிப் பாருங்கள். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் அது எழுதித் தந்துவிடும்.

யானையும் அடிக்குறிப்பும்

நல்ல இதழில் வந்துவிட்டதாலேயே ஒரு தகவல் சரியாகிவிடாது. பாரதியார் யானை தாக்கி இறந்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். ஒருவரைப் பார்த்து இன்னொருவர். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை 1921-ல் அவரைத் தள்ளியது உண்மை. ஆனால் அவர் தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசினார். அந்தப் பயணத்தைச் சுதேசமித்திரனில் அவரே எழுதினார். இறந்தது செப்டம்பரில், வயிற்று நோயால். நினைவு நாள் செப்டம்பர் 11. உயிர் பிரிந்ததோ நள்ளிரவு தாண்டி, அதாவது 12-ம் தேதி. பத்துக் கட்டுரைகள் ஒரே புத்தகத்தைக் காட்டினால், பத்து ஆதாரம் அல்ல, ஒன்றுதான்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு மூலத்தைத் தேடிப் போவது பெரிய பயணம் இல்லை. பழைய தமிழ் நூல்கள், இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஓலைச்சுவடிகளுக்குப் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம். வடமொழிச் சுவடிகளுக்குப் பிரம்மஞான சபை வளாகத்தில், 1886-ல் தொடங்கிய அடையாறு நூலகம்.

மூலம் கிடைக்கவில்லையா? படித்த புத்தகத்தையே குறிப்பிட்டு, ‘அதில் மேற்கோள் காட்டப்பட்டது’ என்று எழுதுங்கள். பார்க்காத சுதேசமித்திரனை பார்த்ததுபோல் அடிக்குறிப்பில் போடக் கூடாது.

10 சதவீதம் வரை காப்பி அடிக்கலாமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். யுஜிசியின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டிய பகுதி இந்தக் கணக்கில் சேராது.