பூட்டு மாறினால் சாவி பொருந்தாது

காசநோயும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

அட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டம். அடைமழையினால் மண்சரிவு அபாயம் ஏற்பட்டு, லயத்துக் குடும்பங்கள் இரவோடிரவாகப் பாடசாலைக் கட்டடத்துக்கு அனுப்பப்பட்டிருந்தன. நாம் அரிசி, பாய், போர்வை, பால்மா என்று பட்டியல் போட்டு எடுத்துச் சென்றோம். எத்தனை பிள்ளைகள், எத்தனை முதியோர் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டோம். “உங்களில் யாராவது தினமும் மருந்து எடுப்பவர்கள் இருக்கிறீர்களா?” என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிட்டோம்.

அந்தக் கூட்டத்தில் ஓர் இளைஞர் இருந்தார். காசநோய்க்காக இரண்டு மாதம் குளிசை எடுத்தவர். குளிசையும் சிகிச்சை அட்டையும் லயத்துக் காம்பராவிலேயே தங்கிவிட்டன. அவரோ நல்ல சுகத்துடன்தான் இருந்தார். பிறகு வேலை தேடிக் கொழும்புக்குப் போனார். அங்கே இருமல் திரும்பியபோது கொஞ்ச நாள் மருந்து எடுத்தார், மீண்டும் விட்டார். ஊருக்கு வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார்.

“மருந்து நல்லா வேல செஞ்சிச்சு சாமி. ஒடம்பு தேறிருச்சு. மிச்சம் எதுக்குன்னு விட்டுட்டேன்” என்றார் அவர்.

இம்முறை அவருடைய சளியைப் பரிசோதித்தபோது, முன்பு வேலை செய்த முக்கிய மருந்து இனி வேலை செய்யாது என்று தெரியவந்தது. வேறு மருந்துகள், நீண்ட நாள் வைத்தியசாலை வாசம், இழந்த சம்பளம் என்று பாரம் முழுவதும் அவருடைய தாயின் தலையில் விழுந்தது. அதே மருந்து, அதே மனிதர். அப்படியிருக்க மருந்து ஏன் தோற்றது? இதை விளங்கிக்கொள்வது இடம்மாறி வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம்.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

காசநோயை உண்டாக்குவது ஒரு நுண்கிருமி. 1882 மார்ச் 24ஆம் திகதி பெர்லின் நகரில் றொபேட் கொக் என்ற வைத்தியர் இதைக் கண்டறிந்து அறிவித்தார். நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. யன்னல் இல்லாத காம்பராவில், நெருக்கமான முகாமில் அது இலகுவாக அடுத்தவரின் நுரையீரலை அடைகிறது. கோப்பையாலும் தட்டாலும் அது பரவுவதில்லை.

இக்கிருமிக்கும் உயிர்வாழச் சில கருவிகள் வேண்டும். சுற்றுச்சுவர் கட்ட ஒன்று, தன் பரம்பரைச் செய்தியைப் படிக்க ஒன்று, சக்தி உண்டாக்க ஒன்று என்று பல உண்டு. இவற்றை நொதியங்கள் என்கிறோம். ஒவ்வொரு நொதியத்துக்கும் தனி வடிவமும், அதில் சிறு பள்ளங்களும் உண்டு. மருந்தின் மூலக்கூறு அப்பள்ளத்தில், பூட்டுக்குள் சாவி போவதுபோல், சரியாகப் போய்ப் பிணைந்துகொள்ள வேண்டும். பிணைந்தால் கருவி நின்றுவிடும். பிணையாவிட்டால் எவ்வளவு குளிசை விழுங்கினாலும் பயனில்லை.

றிபாம்பிசின் என்ற சிவப்பு மருந்தை எடுத்துக்கொள்வோம். கிருமியின் பரம்பரைச் செய்தியைப் பிரதி எடுக்கும் நொதியத்தில் அது போய் அடைத்துக்கொள்கிறது. பிரதி இரண்டு மூன்று எழுத்துகளோடு நின்றுபோகிறது. எமது உடலிலும் இத்தகைய நொதியம் உண்டு. ஆனால் அதன் வடிவம் வேறாதலால் இந்தச் சாவி அதில் பொருந்தாது. கிருமி சாக, நாம் பிழைப்பது இதனாலேயே.

ஐசோனியாசிட் என்ற மருந்தோ மடித்த கத்தியைப் போன்றது. அதை விரித்துவிடுவது கிருமிக்குள் இருக்கும் ஒரு நொதியமே. விரிந்த பின்னர்தான் அது கிருமியின் சுவர் கட்டும் வேலையைத் தடுக்கிறது. கத்தியை விரிக்கும் அந்த நொதியம் பழுதான கிருமிக்குள் மருந்து மடித்தபடியே கிடக்கும்.

பழகிக்கொள்வது உடம்பு அல்ல

“மருந்து ஒடம்புக்குப் பழகிப்போச்சு” என்று எம்மவர் சொல்வதுண்டு. இது சரியல்ல. மாறியிருப்பது உடம்பு அல்ல, கிருமிக் கூட்டம்.

கிருமி பெருகும்போது தன் பரம்பரைச் செய்தியைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறது. எப்போதாவது ஓர் எழுத்துப் பிழைத்துவிடும். பெரும்பாலான பிழைகள் பயனற்றவை. ஆனால் ஏதோ ஒரு பிழை பூட்டின் பள்ளத்தைச் சற்றே மாற்றிவிடும். அதன்பின் பழைய சாவி உள்ளே போகாது. இதற்குக் கிருமியின் சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை. மருந்து வருவதற்கு முன்பே அப்படி ஒன்றிரண்டு கிருமிகள் கூட்டத்தில் இருக்கும்.

ஐசோனியாசிட்டுக்கு அடங்காத கிருமி ஏறக்குறைய 10 இலட்சத்தில் 1 என்றும், றிபாம்பிசினுக்கு அடங்காதது ஏறக்குறைய 10 கோடியில் 1 என்றும் கணக்கிட்டுள்ளனர். நோயினால் நுரையீரலில் விழும் ஒரு குழியில் 10 கோடி கிருமிகள்கூட இருக்கலாம். ஒரே ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவையெல்லாம் செத்து, அடங்காத அந்தச் சில கிருமிகள் தனிக்காட்டு ராஜாவாகப் பெருகிவிடும். ஆனால் இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் ஒருங்கே தப்பும் கிருமி கோடி கோடியில் 1தான். அப்படி ஒன்று அந்தக் குழிக்குள் இருக்க வாய்ப்பு மிக அரிது.

கோவா நட்டவர்கள் இதை நன்கறிவர். ஒரே பூச்சிநாசினியை மீண்டும் மீண்டும் அடித்தால், சில போகங்களின் பின் புழு அதற்குச் சாவதில்லை. தப்பிப் பிழைத்த புழுவின் குஞ்சுகளே தோட்டத்தை நிரப்பியிருக்கும். நுரையீரலிலும் நடப்பது இதுவே.

வரலாறு தந்த இரு பாடங்கள்

முதற்பாடம் பிரித்தானியாவிலிருந்து வந்தது. 1947இல் அங்கு 107 காசநோயாளரை இரண்டு பிரிவாக்கினர். 55 பேருக்கு அப்போது புதிதாக வந்திருந்த ஸ்ரெப்ரோமைசின் ஊசியும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் கொடுக்கப்பட்டன. ஆறு மாதத்தில் ஊசி பெற்றவர்களில் 4 பேரும் மற்றப் பிரிவில் 14 பேரும் இறந்திருந்தனர். அற்புத மருந்து என்று எல்லாரும் மகிழ்ந்தனர். ஆனால் ஐந்து ஆண்டுகளின் பின் கணக்கெடுத்தபோது 55 பேரில் 32 பேரும், 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தனர். வித்தியாசம் கரைந்துபோயிற்று. தனித்து விடப்பட்ட மருந்துக்குப் பல நோயாளரின் கிருமிகள் அடங்காமல் போனதே இதற்குப் பெருங்காரணம். மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று.

இரண்டாவது பாடம் எமது உறவுகள் வாழும் சென்னையிலிருந்து வந்தது. காசநோயாளர் சனற்றோரியத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் பெற்றால்தான் பிழைப்பர் என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. நெருக்கமான வீடுகளில் வாழும் ஏழைகள் இதற்கு எங்கே போவது? 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் இக்கேள்வியை நேராகச் சோதித்தது. ஏழை நோயாளரில் ஒரு பகுதியினர் சனற்றோரியத்திலும் மற்றவர்கள் தத்தம் வீட்டிலும் இருந்தபடி, ஒரே மருந்துகளை ஓராண்டு எடுத்தனர். சனற்றோரியத்தில் 100க்கு 92 பேரும் வீட்டில் 100க்கு 86 பேரும் நோய் தணிந்து தேறினர். வீட்டில் இருந்ததால் குடும்பத்தவருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது.

வசதியற்ற வீட்டிலிருந்தும் குணமாகலாம் என்பதை இது காட்டியது. ஆனால் மருந்து ஒழுங்காக எடுக்கப்பட வேண்டும். யாராவது ஒருவரின் கண் முன்னே குளிசை விழுங்கும் பழக்கம் வளர்ந்ததற்குச் சென்னையில் நடந்த ஆய்வுகளும் வழிகாட்டின.

ஏன் ஆறு மாதம்?

இன்று வழமையான காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலான கிருமிகள் இறந்துவிடுவதால் இருமல் குறையும், பசி எடுக்கும். ஆனால் மெதுவாக வளரும் சில கிருமிகள் உறங்குவதுபோல் ஒதுங்கிக் கிடக்கும். மிச்ச மாதங்கள் அவற்றுக்காகவே. விட்டும் தொட்டும் எடுத்தால், அல்லது நான்கில் பிடித்ததை மட்டும் எடுத்தால், அடங்காத கிருமிக்கு நாமே பாதை வெட்டிக் கொடுக்கிறோம். அக்கிருமி தங்கையைத் தொற்றினால், ஒரு குளிசையும் விழுங்கியறியாத அந்தப் பிள்ளைக்கும் முதல் நாளிலிருந்தே பழைய மருந்து பயன்தராது.

அடங்காத கிருமிக்கும் இன்று வழி உண்டு. றிபாம்பிசினின் பூட்டு மாறிவிட்டதா என்பதைச் சளியிலிருந்து சுமார் இரண்டு மணித்தியாலத்தில் காட்டும் பரிசோதனையை 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பெடாகுயிலின் போன்ற புதிய மருந்துகள் வேறு பூட்டுகளில் பிணைகின்றன. அவற்றைக் கொண்ட ஆறு மாதச் சிகிச்சையை 2022இல் அந்நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் பெடாகுயிலினுக்கும் அடங்காத கிருமிகள் ஏற்கெனவே தோன்றிவிட்டன. புதிய சாவிகள் செய்து முடிவதில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதே புத்தி.

இடம்மாறும் குடும்பங்களுக்கு

எமது மக்கள் விரும்பி இடம்மாறுவதில்லை. 1977, 1983 வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்கள், 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் லயமே புதைந்துபோகக் கண்டவர்கள், மழைக்காலத்தில் பாடசாலைகளில் படுத்துறங்குபவர்கள் என அந்த வரிசை நீளமானது. ஆனால் இடம் மாறினாலும் மருந்து நிற்கக்கூடாது. ஆகவே,

1. சிகிச்சை அட்டையையும் குளிசைகளையும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே பொலித்தீன் பையில் வையுங்கள்.

2. போவது தெரிந்தால், செஸ்ட் கிளினிக் என்று நாம் சொல்லும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி, புதிய இடத்துக்கு மாற்றக் கடிதம் கேளுங்கள். திடீரென எழுந்து போக நேர்ந்தால், போன இடத்து அரச வைத்தியசாலையில் முதல் நாளே சொல்லுங்கள். அரச சிகிச்சை இலவசம்.

3. றிபாம்பிசின் எடுப்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் உடனே வைத்தியரிடம் போங்கள். சொல்லாமல் குளிசையை நிறுத்தாதீர்கள்.

4. ஒருவருடைய குளிசையை மற்றவருக்குப் பங்கிட்டுக் கொடுக்காதீர்கள்.

5. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். நோயாளியுடன் வாழும் சிறு பிள்ளைகளைக் கட்டாயம் காட்டுங்கள்.

மருந்தை விட்டவரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாளில் பெரட்டில் பேர் விழாது, அன்றைய சம்பளமும் இல்லை. பஸ் செலவு வேறு. நோய் வெளியே தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் வராது என்ற பயமும் உண்டு. இவை தனி மனிதரின் குறைகள் அல்ல. தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் நாமும் சேர்ந்து தீர்க்க வேண்டியவை.

நாம் இப்போது முகாமுக்குப் போகும்போது எடுத்துச் செல்லும் பட்டியலின் முதல் வரியில், அரிசிக்கும் பாய்க்கும் மேலே, அந்தக் கேள்வியை எழுதி வைத்திருக்கிறோம்.

கூடிப் பேசுவோம்

உங்கள் லயத்தில் அல்லது முகாமில் தினமும் மருந்து எடுப்பவர்கள் யார் என்று பக்கத்து வீட்டாருக்குத் தெரியுமா?

ஒருவர் ஆறு மாதமும் தவறாமல் குளிசை எடுக்க, அயலவராக நீங்கள் செய்யக்கூடிய ஓர் உதவி என்ன?