புல் முடிந்த சந்து

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியை அடுத்த ஓர் ஒழுங்கையிலே, நோயுற்ற என் நண்பர் அண்மையிற் குடிபுகுந்தார். காலை மருந்து உண்டால் உறங்கிவிடுவார். ஆதலின் எட்டு மணிக்கு முன் வருமாறு சொல்லியனுப்பினார். ஒரு ஞாயிறன்று வெள்ளவத்தையிலிருந்து என் பழைய துவிச்சக்கரவண்டியிற் புறப்பட்டேன். என் மாணாக்கன் ஒருவன் வழிகாட்டி முன்னே சென்றான். அவனுக்கு வழிகாட்டியது, வண்டியின் கைபிடியிற் பூட்டிய, தீப்பெட்டியினும் சற்றே பெரியதொரு கணினி.

காலிமுகத்திடல் வரை இடர் இல்லை. புறக்கோட்டையிலே, குறுக்குத் தெருக்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கிடக்குமிடத்தில், கருவி வாளாவிருந்துவிட்டது. வழி தவறினோம் என்று அது கூவியபோது இரண்டு தெருக்களைக் கடந்துவிட்டோம். நண்பர் வீட்டை அடைகையில் மணி எட்டரை. அவர் உறங்கிக்கொண்டிருந்தார். எனக்கென ஊற்றி மூடிவைத்த தேநீர் ஆறியிருந்தது.

திரும்பும் வழியில், "தம்பி, அது ஏன் பேசவில்லை?" என்று வினவினேன்.

"ஐயா, நான் அதற்குக் கொடுத்தது வெறுங் கோடு" என்றான்.

பின்னர் விளக்கினான். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் செய்மதிகளுள் நான்கிலிருந்தேனும் சமிக்ஞை பெற்று, கருவி தான் நிற்குமிடத்தைக் கணிக்கிறது. உயர்ந்த கட்டடங்களிடையே சமிக்ஞை தெறித்து வருதலின் அக்கணிப்புப் பிறழ்வதும் உண்டு. வீட்டிலிருந்து வரைந்த பாதையை ஜி.பி.எக்ஸ். கோப்பாக ஏற்றினால், அதில் இருப்பது பெரும்பாலும் புள்ளிகளின் வரிசையே. இடம், வலம் என்ற பேச்சு அதில் இல்லை. தெருப்படம் உடைய கருவி அக்கோட்டைப் படத்தொடு பொருத்தித் திருப்பங்களைத் தானே உய்த்துணரும். படமில்லாத எளிய கருவிக்கோ திருப்பந்தோறும் ஒரு குறியைக் கோப்பிலேயே இட்டுக் கொடுத்தல் வேண்டும். டி.சி.எக்ஸ். என்னும் கோப்புவகை அதற்கு இடந்தருகிறது.

கேட்டதும் எனக்கு மலைபடுகடாம் நினைவில் எழுந்தது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் அந்த 583 அடிப் பாட்டிலே, நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் பன்றிப்பொறி வைத்த இடம், பாம்பு உறையும் குழி, கவண்கல் பாயும் புனம் எல்லாம் உரைக்கிறார். வழிசொல்லும் நுணுக்கத்தில் ஏனை ஆற்றுப்படைகள் இதற்கு ஈடாகா என்பது என் துணிபு. பெரும்பாணாற்றுப்படையில் ஈடுபட்ட அன்பர்கள் பொறுத்தருள்க. வழி கவர்க்கும் சந்துகளிலே, அவ்விடத்துக்குப் புதியோர் மயங்காவண்ணம் புல்லை முடிந்து வைக்குமாறும் அவர் சொல்கிறார். இன்று யாம் சந்தி என்பதே அச்சந்து. முப்பதாண்டாக அப்பகுதியைப் பழைய வழக்கமொன்று என்று கூறி, மாணாக்கரை விரைந்து கடத்தி வந்தவன் யான். புறக்கோட்டையில் நின்று திகைத்தபோது அந்தப் புல் எனக்கே வேண்டியிருந்தது.

அடுத்த சனி இரவு இருவரும் அமர்ந்து, நாங்கள் தடுமாறிய இடந்தோறும் குறியிட்டோம். அக்கோப்பில் ஒரு குறியின் பெயருக்குப் பத்தெழுத்தே இடமாம். சூத்திரஞ் செய்தார்க்கும் இத்துணை நெருக்கடி இருந்ததில்லை! ஒழுங்கையின் வாயிலுக்கு 'நீலவீடு' என்று ரோமன் எழுத்தில் இட்டான். எண்ணிப் பார்த்தோம், சரியாகப் பத்து.

மறுநாட் காலை கருவி சந்திதோறும் ஒலித்தது. ஏழே முக்காலுக்கு நீலக் கதவைத் தட்டினேன். திறந்தவர் நண்பரே.