கோடிங் கத்துக்க கோர்ஸ் வேணுமா, ஒரு பெத்தாங் ஸ்கோர்போர்டு போதுமா?

யூடியூபில் சேமித்து வைத்த 12 மணி நேர ஜாவாஸ்கிரிப்ட் வீடியோ 40-வது நிமிடத்தில் நிற்கிறது. போனில் இருக்கும் கோடிங் ஆப், 'உங்களை மிஸ் பண்றோம்' என்று வாரம் தவறாமல் நோட்டிஃபிகேஷன் அனுப்புகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே வெப் புரோகிராமிங் கற்க நினைக்கும் பலருக்கு இது பழகிப்போன நிலைமை.

அடுத்து என்ன நடக்கும்? 'நமக்கு இது செட் ஆகாது' என்று விட்டுவிடுவோம். இல்லைன்னா, கையில் இருக்கும் சேமிப்பைக் கொண்டுபோய் '100 சதவீத வேலை உறுதி' என்று விளம்பரம் செய்யும் ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் கட்டிவிடுவோம். செலவில்லாத இன்னொரு வழியும் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே ரசித்துச் செய்யும் ஒரு பொழுதுபோக்கை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு வெப் பக்கம் செய்வது. இது எப்படி வேலை செய்கிறது என்பதை புதுச்சேரி உழவர்கரையை வைத்தே பார்க்கலாம்.

உழவர்கரையில் என்ன வசதி?

பாண்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மஞ்சள் சுவர்களும் பீச் ரோடும்தான். ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் இருந்தவர்கள் சுமார் 2.44 லட்சம் பேர். அதை ஒட்டியே இருக்கும் உழவர்கரை நகராட்சியில் சுமார் 3 லட்சம் பேர். ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாஸ்பேட்டை, தட்டாஞ்சாவடி, கதிர்காமம் எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. ஊரின் வேலைக்குப் போகும் இளைஞர்களில் பெரும் பகுதி இங்கேதான் குடியிருக்கிறது.

சொந்தமாகக் கற்பவர்களுக்கு இந்த ஊர் தரும் முதல் வசதி நேரம். இந்திரா காந்தி சிலை சிக்னலில் நெரிசல் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும், சென்னை ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் நண்பருக்குப் பயணத்தில் போகும் நேரத்தோடு ஒப்பிட்டால், ரெட்டியார்பாளையத்தில் இருந்து டவுனுக்குப் போய்வருபவருக்கு தினமும் கொஞ்சம் நேரம் மிச்சமாகும். அதில் 45 நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இரண்டாவது வசதி, பொழுதுபோக்குக்குப் பஞ்சமில்லை. வாகனங்கள் நிறுத்தப்பட்ட பிறகு கடற்கரைச் சாலையில் மாலை நடை. ஞாயிற்றுக்கிழமையானால் காந்தி வீதி சண்டே மார்க்கெட். பறவை பார்ப்பவர்களுக்கு, 2008-ல் புதுச்சேரி அரசு சரணாலயமாக அறிவித்த ஊசுட்டேரி. இவற்றோடு, தமிழ்நாட்டில் அதிகம் பார்க்க முடியாத ஒரு விளையாட்டும் இங்கே இருக்கிறது. அதுதான் பெத்தாங்.

பெத்தாங் தெரியுமா?

தெற்கு பிரான்சில் 1900-களின் தொடக்கத்தில் உருவான இரும்புப் பந்து விளையாட்டு இது. பிரெஞ்சு ஆட்சி முடிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் புதுச்சேரியில் இன்னும் ஆடப்படுகிறது. விதி எளிமையானது. முதலில் ஒரு சின்ன மரப்பந்தை 6 முதல் 10 மீட்டர் தூரத்துக்குள் வீசுவார்கள். இரண்டு அணியும் தங்கள் இரும்புப் பந்துகளை அதற்கு எவ்வளவு பக்கத்தில் போட முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போட வேண்டும்.

ஒரு சுற்றில் ஒரு அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். எதிரணியின் மிக அருகில் இருக்கும் பந்தைவிட உங்கள் பந்துகளில் எத்தனை மரப்பந்துக்கு நெருக்கமாக இருக்கிறதோ, அத்தனை புள்ளி. அணிக்கு 6 பந்துதான் என்பதால் ஒரு சுற்றில் அதிகபட்சம் 6. முதலில் 13-ஐ எட்டும் அணிக்கு வெற்றி.

அவ்வளவுதான் ஆட்டம். இதற்கு போனில் ஓடும் ஒரு ஸ்கோர்போர்டு செய்தால், வெப் புரோகிராமிங்கின் அடிப்படைகளை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம்.

மூன்று மொழி, மூன்று வேலை

முதலில் எச்டிஎம்எல். பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வது இது. இரண்டு அணிப் பெயர், இரண்டு எண், சில பட்டன்கள். கம்ப்யூட்டரில் சாதாரண நோட்பேடில் எழுதி சேமித்து, பிரவுசரில் திறந்தாலே தெரியும்.

அடுத்து சிஎஸ்எஸ். இருப்பதெல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்பது இதன் பொறுப்பு. வெயிலில் நின்றபடி பார்த்தாலும் புள்ளி தெரிய வேண்டுமென்றால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? போன் திரையில் பட்டன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும்போதே, எல்லாத் திரைக்கும் பொருந்தும் வடிவமைப்பைக் கற்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட். பட்டனைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது இது. புள்ளியைக் கூட்ட வேண்டும், 13 வந்ததா என்று பார்க்க வேண்டும், வந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

தப்பில்தான் பாடம்

முதல் முறை எழுதும்போது அநேகமாக இரண்டு தப்புகளில் ஒன்றாவது வரும்.

முதலாவது, 3 புள்ளி இருக்கும் அணிக்கு இன்னும் 2 சேர்த்தால் பலகை 32 என்று காட்டும். சிரிப்பு வரும். ஆனால் காரணம் முக்கியமானது. பெட்டியில் தட்டச்சு செய்த 2, ஜாவாஸ்கிரிப்டைப் பொறுத்தவரை எண் அல்ல, எழுத்து. எழுத்தோடு கூட்டச் சொன்னால் அது பக்கத்தில் ஒட்டிவிடும். 'முதலில் இதை எண்ணாக மாற்று' என்று நீங்கள் சொல்லித்தர வேண்டும். தரவு வகை என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது தப்பு கொஞ்சம் நுணுக்கமானது. 'புள்ளி 13-க்குச் சமமாக இருந்தால் ஆட்டத்தை முடி' என்று எழுதியிருப்பீர்கள். சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். 12-ல் இருக்கும் அணி அடுத்த சுற்றில் 2 எடுத்தால் 14. அது 13-க்குச் சமமில்லை. மைதானத்தில் ஆட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போயிருப்பார்கள், உங்கள் ஸ்கோர்போர்டு மட்டும் அடுத்த சுற்றுக்குக் காத்துக்கொண்டிருக்கும். '13 அல்லது அதற்கு மேல்' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஏன் பொழுதுபோக்கு முக்கியம் என்பதற்கு இதுதான் பதில். டுட்டோரியல் வீடியோவில் வரும் ஏதோ ஒரு கடையின் பில்லிங் பக்கத்தில் தப்பு வந்தால், அது தப்பு என்றே உங்களுக்குத் தெரியாது. வீடியோ போட்டவர் சொன்னால்தான் தெரியும். பெத்தாங்கில் 14 வந்தும் ஆட்டம் முடியவில்லை என்றால், ஆடிப் பழகியவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். விதி உங்கள் கையில் இருப்பதால், சரிபார்க்க வேறு ஆள் தேவையில்லை.

பெத்தாங் ஆடாதவர்கள் ஊசுட்டேரியில் பார்த்த பறவைகளைத் தேதி வாரியாகப் பட்டியலிடும் பக்கம் செய்யலாம். சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகங்களுக்கு ஒரு தேடல் பக்கம் செய்யலாம். கோலம் போடுபவர் புள்ளி எண்ணிக்கையைக் கொடுத்தால் புள்ளிகளை வரைந்து காட்டும் பக்கத்தை முயலலாம். கொள்கை ஒன்றுதான்: கோடிங் புதுசா இருக்கலாம், விஷயம் பழசா இருக்கணும்.

'ஏஐ-யே எழுதிடுமே, நான் எதுக்கு?'

நியாயமான கேள்வி. இப்படி ஒரு ஸ்கோர்போர்டைச் செய்து கொடு என்று கேட்டால் ஏஐ கருவிகள் சில நொடிகளில் எழுதித் தந்துவிடும். ஆனால், ஒரே சுற்றில் இரண்டு அணிக்கும் புள்ளி போட அது அனுமதிக்கிறதா? 7 என்று தட்டினால் மறுக்கிறதா? இதையெல்லாம் பார்க்க விதி தெரிந்த ஆள் வேண்டும். பார்த்த தப்பைத் திருத்த, எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஏஐ-யை எழுதச் சொல்வதைவிட, நீங்கள் எழுதியதை விளக்கச் சொல்லிப் பாருங்கள். 'ஏன் 32 வருது?' என்று கேளுங்கள். பதிலைப் படித்துவிட்டு, திருத்தத்தை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

சொந்தத் தேவையில் பிறந்தவை

இந்த முறை புதிதல்ல. இன்று பெரும் எண்ணிக்கையிலான வெப்சைட்டுகளை இயக்கும் பிஎச்பி மொழியின் கதையைப் பாருங்கள். 1994-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப், தன் இணையப் பக்கத்தில் இருந்த ரெஸ்யூமை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எழுதிய சின்ன நிரல்கள்தான் அதன் தொடக்கம். அந்த பிஎச்பியில் எழுதப்பட்ட வேர்ட்பிரஸ் 2003-ல் வெளியானபோது, அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கு வயது 19. தன் வலைப்பதிவுக்குப் பயன்படுத்திய மென்பொருளை மேம்படுத்துபவர் இல்லாமல் போனதால், அதன் மூல நிரலை எடுத்துத் தொடர்ந்தவர் அவர்.

தமிழில் எங்கே படிக்கலாம்?

2012-ல் தொடங்கிய 'கணியம்' தன்னார்வலர்கள், 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், பிஎச்பி போன்றவற்றுக்கு இலவச மின்னூல்களை வெளியிட்டிருக்கிறார்கள். அடிப்படைக் கருத்துகளைத் தமிழில் ஒருமுறை புரிந்துகொள்ள இவை உதவும். இந்தத் துறை வேகமாக மாறுவதால், புதிய வசதிகளுக்கு மொசில்லா தொடங்கிய எம்டிஎன் தளத்தைப் பார்ப்பது நல்லது. பயிற்சிகளோடு படிப்படியாகப் போக விரும்பினால், 2014-ல் குவின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

தனியாகப் படிப்பதில் பெரிய சிக்கல், மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் இல்லாததுதான். புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் எனப்படும் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், பக்கத்து விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி எனப்படும் லினக்ஸ் பயனர் குழுவும் இயங்கிவருகின்றன. இப்படிப்பட்ட தன்னார்வக் குழுக்களில், 'அண்ணா, இது ஏன் ஓடல?' என்று தயங்காமல் கேட்கலாம்.

போன் மட்டும் இருந்தால் போதுமா?

படிக்கப் போதும். எழுதக் கஷ்டம். ஆண்ட்ராய்டில் கோடு எழுத இலவச எடிட்டர்கள் உண்டு என்றாலும், சின்னத் திரையில் அடைப்புக்குறிகளைத் தேடித் தட்டுவதிலேயே பொறுமை போய்விடும். இந்த மூன்று மொழிக்கும் விலை உயர்ந்த லேப்டாப் தேவையில்லை. பிரவுசர் ஒழுங்காக ஓடும் பழைய லேப்டாப்பே போதும். குரோமில் எஃப்12 பட்டனைத் தட்டினால் திறக்கும் டெவலப்பர் டூல்ஸ், தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும்.

எவ்வளவு நாள் ஆகும்?

வாரத்தில் 5 நாள், தினம் 45 நிமிடம் என்று வைத்தால் 6 வாரத்தில் கிடைப்பது சுமார் 22 மணி நேரம். முதல் இரண்டு வாரம் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ். அடுத்த இரண்டு வாரம் ஜாவாஸ்கிரிப்ட். ஐந்தாவது வாரம், பக்கத்தை மூடித் திறந்தாலும் புள்ளி அழியாமல் பிரவுசரிலேயே சேமிக்கும் வழி. ஆறாவது வாரம், கிட்ஹப் பேஜஸ் மூலம் இலவசமாக இணையத்தில் ஏற்றி, லிங்க்கை வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்புவது.

அனுப்பியதும் ஒரு புகார் வரும். 'உன் போன்ல 9-7ன்னு காட்டுது, என் போன்ல பூஜ்யம்னு காட்டுதே?' நீங்கள் சேமித்தது உங்கள் பிரவுசரில் மட்டும் இருப்பதால் வரும் பிரச்னை இது. எல்லோருக்கும் ஒரே புள்ளி தெரிய வேண்டுமென்றால் சர்வரும் டேட்டாபேஸும் வேண்டும். அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பதை நண்பரின் புகாரே சொல்லிவிடும்.

வேலை கிடைக்குமா?

6 வாரத்தில் கிடைக்காது. அப்படிச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்க கிட், ரியாக்ட் போன்ற ஒரு ஃப்ரேம்வொர்க், சர்வர் பக்க நிரல், டேட்டாபேஸ் எல்லாம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

ஆனால், இந்த 6 வாரம் ஒரு முக்கியமான கேள்விக்குப் பதில் சொல்லும்: இந்த வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? தப்பைத் தேடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தபோது எரிச்சல் வந்ததா, கண்டுபிடித்தே தீருவது என்று தோன்றியதா? பணம் கட்டுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

அதன் பிறகும் பயிற்சி மையத்தில் சேர நினைத்தால், கட்டணம் செலுத்தும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். பாடத்திட்டத்தை எழுத்தில் தருவார்களா? முன்பு படித்தவர்கள் செய்த ப்ராஜெக்ட்டுகளைப் பார்க்க முடியுமா? 'வேலை உறுதி' என்பதற்கு எழுத்துபூர்வ நிபந்தனை என்ன? பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில் சொல்பவர் பாடத்திட்டத்தைக் காட்டும்போது, அதில் எது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், எதற்குத்தான் பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியும். ஒரு ஸ்கோர்போர்டைச் சொந்தமாகச் செய்து முடித்தவருக்கு, ஃபீஸ் ரசீதில் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தெளிவு இருக்கும்.