மூச்சு வாங்கும் மலைப்பாதை

காஷ்மீரில் அமர்நாத் குகை இருக்கிறது. பகல்காம் வழியாகப் போகிறவர்கள் சில நாட்கள் மலையில் நடக்க வேண்டும்.

சேஷ்நாக் ஏரியிலிருந்து பஞ்சதரணி வரை ஒரு நாள் நடை. சுமார் 14 கிலோமீட்டர். நடுவில் மகாகுனஸ் கணவாய். உயரம் ஏறக்குறைய 14,000 அடி.

அவ்வளவு உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் குறைவு. வயலில் நாள் முழுக்க உழைப்பவருக்கும் மூச்சு வாங்கும். இதில் வெட்கம் என்ன? நின்று நின்று நடக்கலாம்.

ஆனால் கடும் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் மேலே ஏறக் கூடாது. கீழே இறங்கிவிட வேண்டும். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று ஏறினால் உயிருக்கே ஆபத்து.

1996 ஆகஸ்டில் இந்த யாத்திரையின்போது திடீரென்று பனி கொட்டியது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பலரிடம் போதிய கம்பளி உடை இல்லை.

இப்போது மருத்துவச் சான்று இருந்தால்தான் யாத்திரைக்கு அனுமதி. மூட்டையைக் குதிரையில் ஏற்றலாம். கம்பளியும் மழைக்கோட்டும் உங்கள் தோளிலேயே இருக்கட்டும்.