பப்ஜி துப்பாக்கி முதல் பழவேற்காடு கோட்டை வரை... பழைய துப்பாக்கிக்கு விலை ஏறுவது எப்படி?

பழவேற்காட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது போயிருப்பீங்க. ஏரியில் படகு, கரையில் பொரித்த இறால், எலும்புக்கூடு செதுக்கிய வாசல் இருக்கும் டச்சுக் கல்லறையில் நாலு செல்ஃபி. கூட வந்த நண்பர்களில் ஒருத்தர் கண்டிப்பா கேட்பார்: "டச்சுக்காரன் கோட்டை கட்டின ஊராச்சே, வலையில பழைய துப்பாக்கி ஏதாவது மாட்டுமா? மாட்டினா எவ்ளோ போகும்?"

நாங்கள் போனபோது என் நண்பன் இதைப் படகுக்கார அண்ணனிடமே கேட்டுவிட்டான். "இறால் மாட்டினா போதும் தம்பி" என்று சிரித்தார். ஆனால் நண்பன் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு உலகம் முழுக்கப் பெரிய சந்தை உண்டு. அந்தச் சந்தை நம்ம ஊரில் மட்டும் ஏன் இல்லை என்பதுதான் சுவாரஸ்யமான கதை.

முதலில் ஊரைப் பார்ப்போம். டச்சு கிழக்கிந்திய கம்பெனி 1613-ல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். துணி வியாபாரம் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, இங்கே வெடிமருந்தும் தயாரானது என்பது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் அரைத்துக் கலந்து, ஆசியாவின் மற்ற டச்சுக் கோட்டைகளுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் இருப்பது முள்ளும் புதரும்தான்.

சரி, அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் எங்கே போச்சு? உப்புக்காற்று பாதியைத் தின்றிருக்கும். மீதியைச் சட்டம் தின்றது. பாளையக்காரர்களோடு நடந்த போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் மதராஸ் அரசு மக்கள் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்து, இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்றானது. உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் பித்தளை அண்டா கிடைக்கும், துப்பாக்கி கிடைக்காது. பக்கத்திலேயே குடகில் மட்டும் கதை வேறு. கொடவர்களுக்கு பிரிட்டிஷ் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு உண்டு; 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். அங்கே துப்பாக்கி பூஜையில் வைக்கும் பொருள்.

இப்போ வெளியே சந்தை எப்படி நடக்குதுன்னு பார்க்கலாம். பப்ஜியில் கார்98கே எடுத்து ஹெட்ஷாட் அடிச்சிருப்பீங்க இல்லையா? அது இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவத்தின் நிஜத் துப்பாக்கி. சோவியத் படை லட்சக்கணக்கில் பிடித்துக் கிடங்கில் போட்டு வைத்திருந்தது. 2000-களின் தொடக்கத்தில் அவை அமெரிக்கக் கடைகளுக்கு மலிவாக வந்து இறங்கின. பாகங்களில் இருக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது, நாஜி முத்திரையைச் சுத்தியலால் அடித்து அழித்திருப்பார்கள். அதனால் சேகரிப்பாளர்கள் மூக்கைச் சுளித்தார்கள். கிடங்கு காலியானதும், சுளித்த அதே ஆட்கள் அதையும் தேடித்தேடி வாங்க ஆரம்பித்தார்கள்.

எல்லா ராணுவத் துப்பாக்கிக்கும் கதை கிட்டத்தட்ட இதுதான். போர் முடியும், ராணுவம் புது மாடலுக்கு மாறும், பழையது மூட்டை மூட்டையாக வரும். அப்போ யாரும் அதை மதிக்க மாட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தபாலில் சுமார் 20 டாலருக்குத் துப்பாக்கி வாங்கலாம். கென்னடியைச் சுட்டதும் அப்படித் தபாலில் வந்த இத்தாலிய ராணுவத் துப்பாக்கிதான். மலிவுதானே என்று பலர் கட்டையை வெட்டி, குழாயைச் சுருக்கி வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிக்கொண்டார்கள். 1968-ல் சட்டம் வந்து தபால் விற்பனையும் ராணுவ உபரி இறக்குமதியும் நின்றன. வெட்டாமல் முழுசாக மிஞ்சியவை திடீரென்று அபூர்வப் பொருளாகிவிட்டன. 1980-களில் இறக்குமதிக் கதவு பாதி திறந்ததும் மறுபடி வெள்ளம். ஆக, விலையை முடிவு பண்ணுவது துப்பாக்கியின் தரத்தைவிட, எந்தக் கிடங்கின் கதவு எப்போ திறக்குது, எப்போ மூடுது என்பதுதான். தோட்டாவும் ஒரு காரணம். ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கு 2021-ல் அமெரிக்கா தடை போட்டதும், மலிவாகச் சுடலாம் என்று பழைய ரஷ்யத் துப்பாக்கியை வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

கதவு திறந்ததற்கு நம்ம பக்கத்து உதாரணம் நேபாளம். காத்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனையில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய துப்பாக்கிகள் தூசியும் பிசுக்குமாகக் குவிந்து கிடந்தன. 2003-ல் ஓர் அமெரிக்க வியாபாரி மொத்தத்தையும் வாங்கினார். அதுவரை பெரிய பணம் கொடுத்தால்தான் கிடைத்த விக்டோரியா காலத்து மார்ட்டினி ஹென்றி, 'அழுக்கு துடைக்காதது' என்ற லேபிளோடு சாதாரண ஆட்களுக்கும் கிடைத்தது. நேபாளத்திலேயே செய்த கஹேந்திரா என்ற துப்பாக்கியைச் சேகரிப்பாளர்களே அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள்.

நம்ம நாட்டுச் சரக்கும் அந்தச் சந்தையில் இருக்கு. மேற்கு வங்கம் இஷாப்பூர் தொழிற்சாலையில், 1962 சீனப் போருக்குப் பிறகு உருவான 2ஏ1 ரைஃபிள் அமெரிக்காவில் சேகரிப்புப் பொருள். இந்தியாவில் நீங்கள் அதை வாங்க முடியாது. .303 ரகம் ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது, அதற்கு மாற்றாகத்தான்.315 ரைஃபிள் வந்தது. உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில் .303-க்கு விடைகொடுத்தது. இப்படி ஓய்வு பெறும் துப்பாக்கிகள் இங்கே கடைக்கு வருவதில்லை. வெட்டி, உருக்கி அழிப்பதே வழக்கம்.

இங்கேதான் நீங்க ஜாக்கிரதையா இருக்கணும். "ஆன்டிக் பீஸ், லைசென்ஸ் தேவையில்லை" என்று ரீல்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் விளம்பரம் பாதி உண்மை. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழைமை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருவது நிஜம். ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்கணும். சுடும் என்றால் லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 வருடம் வரை சிறை. சட்டவிரோதமாக விற்பவருக்கு 7 வருடத்தில் ஆரம்பித்து ஆயுள் வரை. 100 வயது தாண்டியது தொல்பொருள் ஆகிவிடும். 1972 சட்டப்படி தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதாவது வெளிநாட்டு ஏலத்தில் பார்த்து வாயைப் பிளக்கும் விலைக்கு உங்கள் கையிலிருந்து வழியே கிடையாது.

நண்பனின் கேள்விக்கு வருவோம். பழவேற்காட்டு மண்ணில் நிஜமாகவே ஏதாவது தட்டுப்பட்டால்? 1878 புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கு. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும். ஆமாம், 10 ரூபாய்தான், யாரும் மாற்றவில்லை. துப்பாக்கி மாதிரி தெரிந்தால் கையில் எடுக்காமல் முதலில் போலீஸுக்குச் சொல்லுங்க. பார்க்க மட்டும் ஆசை என்றால், பழவேற்காட்டிலிருந்து திரும்பும் வழியில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இறங்கிக்கொள்ளலாம். பழைய துப்பாக்கி, வாள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு.