டேக் ஆஃப்: ஒரு வினையின் ஒலியும் எழுத்தும்

ஆங்கில வகுப்பில் ஃபிரேசல் வெர்ப் நடத்தும்போது நான் முதலில் எடுப்பது 'டேக் ஆஃப்'. விமானம் கிளம்புவதற்கும் அதுதான், ஷூவைக் கழற்றுவதற்கும் அதுதான்.

இரண்டு சொல்லாக எழுதினாலும், பேச்சில் 'டேய்க்காஃப்' என்று ஒரே மூச்சில் வரும். முன்சொல்லின் கடைசி மெய்மேல் அடுத்த உயிர் ஏறிக்கொள்கிறது. புணர்ச்சி படித்த தமிழ்ப் பிள்ளைக்கு இது பழகிய சங்கதி. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்தே இதை நடத்தலாம் என்பது என் நெடுநாள் ஆசை. வினையாக நின்றால் அழுத்தம் 'ஆஃப்' மீது விழும். விமானப் புறப்பாட்டைக் குறிக்கும் பெயர்ச்சொல்லானால் 'டேக்' மீது தாவிவிடும். எழுத்தும் மாறும்: அமெரிக்கர்கள் ஒட்டி எழுதுவார்கள், பிரிட்டிஷ் வழக்கில் நடுவே சிறுகோடு. வினையை மட்டும் பிரித்தே எழுத வேண்டும்.

'ஆஃப்' என்பதில் இரண்டு எஃப். ஒன்றை விட்டால் 'அவ்' என ஒலிக்கும் வேறு சொல்லாகிவிடும்.

காலம் காட்டுவது முதற்சொல் மட்டுமே: டேக்ஸ், டுக், டேக்கன். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் 'டுக் ஆஃப்'. ஐஎன்ஜி சேர்ந்தால் கடைசி இ உதிரும்.

பிள்ளைகள் தடுமாறுவது ஷூவில்தான். 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' இரண்டும் சரி. 'தெம்' என்ற பிரதிப்பெயர் வந்தாலோ இடம் நடுவில் மட்டுமே: 'டேக் தெம் ஆஃப்'. தொப்பி, கண்ணாடி, கோட்டு என்று மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லவைப்பேன்.