எந்த லாரி எதை இழுக்கும்?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். புதிய கார்களை அடுக்கியவை, கண்டெய்னர் பூட்டியவை என்று நீண்ட டிரெய்லர்கள் வரிசையாகப் போகும். அவற்றை இழுத்துச் செல்லும் லாரியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

2012-இல் ஒரகடத்தில் திறக்கப்பட்ட பாரத்பென்ஸ் தொழிற்சாலையின் இழுவை லாரி ஒன்றின் பெயர் 5528. இந்த எண்ணிலேயே விடை பாதி இருக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள், லாரியும் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை. அதாவது 55 டன். பின் இரண்டை 10-ஆல் பெருக்கினால் 280. இது எஞ்சினின் குதிரைத் திறன். 2018-இல் மத்திய அரசு இத்தகைய டிரெய்லர்களின் எடை வரம்பை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தியது.

"280 குதிரைத் திறன் கொண்ட கார்கூட உண்டே! அது 55 டன்னை இழுக்குமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 அடி போனால் 1 அடி உயரும் மேடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் 55 டன் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை 55-இல் 20-இல் ஒரு பங்கு, அதாவது 2.75 டன். சக்கரங்கள் உருளும்போது ஏற்படும் தடையையும் சேர்த்தால் 3 டன்னுக்குச் சற்று மேல். இந்த விசையைச் சாலைக்குக் கொடுப்பது எஞ்சின் சுழற்றும் சக்கரங்களே. உலர்ந்த சாலையில் டயரின் பிடி, அதன் மேலுள்ள எடையில் ஏறக்குறைய 10-இல் 6 பங்குதான். கார் 2 டன் எடை இருந்தாலும் பிடி 1.2 டன்னைத் தாண்டாது. எஞ்சின் உறுமும், சக்கரம் வழுக்கிச் சுழலும், வண்டி நகராது!

அதனால்தான் டிரெய்லரின் முன்பகுதியை லாரியின் முதுகில் ஏற்றி வைக்கிறார்கள். லாரியின் இரண்டு பின் அச்சுகளிலும் சேர்ந்து 21 டன் அழுத்துகிறது என்று கொள்வோம். ஓர் அச்சை மட்டும் எஞ்சின் சுழற்றினால், உலர்ந்த சாலையில் பிடி 6.3 டன். தாராளமாகப் போதும். ஆனால் ஈரமண்ணில் பிடி நான்கில் ஒரு பங்காகிவிட்டால் 2.6 டன்தான், லாரி சிக்கிக்கொள்ளும். இரண்டு அச்சுகளையும் சுழற்றினால் 5.25 டன், ஏறிவிடும்.

அப்படியானால் எல்லா லாரிகளுக்கும் இரண்டு அச்சுகளையும் சுழற்றலாமே? கூடுதல் பற்சக்கரங்கள் எடையைக் கூட்டும், டீசலையும் குடிக்கும். துறைமுகத்துக்குப் போகும் சமதளச் சாலைக்கு ஓர் அச்சு போதும். கல்குவாரிக்கும் கட்டுமான இடத்துக்கும் இரண்டும் வேண்டும்.

இழுப்பது பாதி வேலை; நிறுத்துவது மறுபாதி. டிரெய்லரின் சக்கரங்களுக்கும் காற்று பிரேக் உண்டு. அது வேலை செய்யாவிட்டால், பின்னாலுள்ள பாரம் லாரியைத் தள்ளி, மடக்குக் கத்திபோல் மடக்கிவிடும்.

அமெரிக்காவில் விடுமுறைக்குச் செல்வோர் சக்கர வீடுகளை இழுத்துச் செல்வார்கள். சிறிய வண்டிக்குப் பின்னால் பெரிய வீட்டைப் பூட்டுவோருக்கும் இதே விதிதான்.

நீங்களே சோதியுங்கள். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைக் காரின் பின்னால் நூலால் ஒரு புத்தகத்தைக் கட்டுங்கள். சக்கரம் வழுக்குகிறதா? அந்தச் சக்கரத்தின் மேலே சில நாணயங்களை வையுங்கள். இப்போது என்ன நடக்கிறது?